மச்சாளின் பனிக்கீரைப் பாத்தி

செத்த செடியைப் பிடுங்கினால் கையோடு வந்துவிடும். இவை வரவில்லை. பெப்ரவரி மாதத்து ஞாயிறு ஒன்றின் முற்பகல். ஹோட்டலில் குளியலறை கழுவப் போடும் மஞ்சள் றப்பர் கையுறைகளோடு பாத்தியின் ஓரத்தில் குந்தியிருந்து, ஒவ்வொரு செடியாக அடித்தண்டில் பிடித்து இழுத்தேன். இலைகள் கறுத்து, அவித்தெடுத்ததுபோல மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. தொட்டால் வழுக்கின. ஆனால் வேர் விடவில்லை. மேல்மண் உறைந்திருப்பதால்தான் அப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, காலை ஊன்றி இழுத்தேன். வந்த வேர் வெள்ளையாக, தடிப்பாக, பச்சை வாசனையோடு இருந்தது. அந்த வெள்ளையை நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் அடுத்த செடிக்குப் போனேன். இதை முதலிலேயே எழுதிவிடவேண்டும். தெரியாமல் செய்தேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன், பாதிதான் உண்மை.

அது என் மச்சாளின் பாத்தி. மச்சாள் என் கணவரின் தமக்கை. அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவ. போர் முடிந்து ஏழெட்டு வருடம் கழித்துப் பாரிசுக்கு வந்து, அகதி விசா கேட்டு, இரண்டு முறை மறுக்கப்பட்டு, மூன்றாம் முறை வதிவிட காட் கிடைத்து, லாச்சப்பலில் எங்கள் இரண்டறை வீட்டின் முன்னறையில் எட்டு வருடம் இருந்தவ. மன்னாரில் பிறந்து, கலியாணம் கட்டி வன்னிக்குப் போய், அங்கே வெங்காயமும் மிளகாயும் செய்த கமக்காரி. புருசன் காய்ச்சலில் போனபிறகு தனியாகவே மண்வெட்டி பிடித்தவ. மெலிந்து உயர்ந்த உடம்பு. உள்ளங்கை மரப்பலகை மாதிரி இருக்கும். யாரையும் புகழ்ந்து கதைக்கமாட்டா, யாரிடமும் எதையும் கேட்கவும் மாட்டா. என்னை நீர் என்றுதான் அழைப்பா. கோபம் வந்தால்கூட அந்த 'நீர்' 'நீ' ஆகாது. அதனால்தான் அந்தக் கோபம் எனக்கு அதிகம் உறைத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

மச்சாளுக்கு ஒரேயொரு மகன். போரின் கடைசி நாட்களில் சனம் எல்லாம் வெளியேறி வந்தபோது, இராணுவச் சோதனை நடந்த இடத்தில் ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமும் பிரித்திருக்கிறார்கள். அவனுக்கு இருபது வயது. தாயின் கையில் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்துவிட்டு, பெயர் பதிந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனவனை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அதன்பிறகு அவனைப்பற்றி ஒரு சொல் இல்லை. மச்சாள் முகாம் முகாமாக, அலுவலகம் அலுவலகமாகத் தேடியிருக்கிறா. அவன் இல்லை என்று ஏற்றுக்கொண்டு ஒரு மரணப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கும்படி பலபேர் சொல்லியிருக்கிறார்கள். வைக்கவில்லை. அதைப்பற்றி எங்கள் வீட்டில் கதைத்ததே குறைவு. யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் ஒரே பதில்தான் வரும்: "அவன் ஏறினதை நான் கண்டனான். இறங்கினதை ஒருத்தரும் காணேல்லை." பிறகு எழும்பிப் போய்ச் சமையலறையில் ஏதாவது கழுவத் தொடங்கிவிடுவா.

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால், ரயில்பாதைகளை ஒட்டி ஒரு பொதுத்தோட்டம் இருக்கிறது. முன்பு கல்லும் கண்ணாடியும் கொட்டிக் கிடந்த இடம். அயலில் உள்ளவர்கள் சங்கமாகச் சேர்ந்து மண் கொண்டுவந்து நிரப்பி, ஆளுக்கொரு பாத்தியாகப் பிரித்திருந்தார்கள். வந்த இரண்டாம் வருடம் மச்சாள் அதைக் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்து, "உங்கை ஒரு துண்டு கேக்கேலாதோ?" என்றா. அந்த வீட்டுக்கு வந்தபின் அவ வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அதுதான். என் பெயரில் எழுதிக் கொடுத்து, ஒரு வருடம் காத்திருந்து, ஒரு ஆள் நீட்டிப் படுத்தால் முடிந்துவிடும் அளவில் ஒரு பாத்தி கிடைத்தது. முதல் வருடம் முளைக்கீரை, பொன்னாங்காணி, பச்சைமிளகாய் என்று வைத்தா. ஒக்டோபரில் ஒரு காலை போய்ப் பார்த்தபோது எல்லாம் ஒரே இரவுப் பனியில் கூழாகிக் கிடந்தன. "இது என்ன கமமப்பா, பிறிஜ்ஜுக்குள்ளை கொத்துற மாதிரி" என்று சொல்லிச் சிரித்தா. சிரித்தாவே ஒழிய, அன்று இரவு சாப்பிடவில்லை.

தோட்டத்தின் பொறுப்பாளர் ஓய்வுபெற்ற ஒரு பிரெஞ்சு மதாம். அவவுக்குத் தமிழ் தெரியாது, மச்சாளுக்குப் பிரெஞ்சு நாலு சொல்லுக்குமேல் வராது. இரண்டு பேரும் கையாலும் தலையாலும் கதைப்பார்கள். பனியில் அழிந்த பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்ற மச்சாளைத் தன் பாத்திக்குக் கூட்டிப் போய், அதே பனியில் நின்ற கேல் என்ற சுருள் இலைக்கோவாவையும், மாஷ் என்ற சின்னக் கீரையையும், எப்பினார் என்ற பசளிபோன்ற கீரையையும் மதாம் காட்டினா. மச்சாள் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுகள் குளிர் தின்னுற சாதி" என்றா. அடுத்த வருடம் ஆடி மாதத்தில் கேலுக்கு நாற்றுப் போட்டா. மற்றவர்கள் தக்காளி பிடுங்கிக்கொண்டிருந்த ஓகஸ்ட் கடைசியில் எப்பினாரையும் மாஷையும் விதைத்தா. கேலுக்குச் சுருட்டைக்கோவா என்றும், மாஷுக்குக் காதுக்கீரை என்றும் அவவே பெயர் வைத்துக்கொண்டா.

கணக்கு எல்லாம் வெளிச்சத்தில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்ததில் மச்சாளுக்குப் பெரிய ஆச்சரியம். ஊரில் தண்ணீர்தான் கணக்கு. வெயிலைப்பற்றி யார் நினைத்தார்கள்? இங்கே நவம்பர் நடுப்பகுதிக்குள் பகல் குறுகிவிடும். அதற்கு முன் செடி அரைவாசி வளர்ந்திருக்கவேண்டும். விதைப்பு முந்திவிட்டால் முற்றிப்போன இலை பனியில் அழுகும்; பிந்திவிட்டால் வேர் பிடிக்காமல் செத்துவிடும். வேலை முடிந்து வந்து களைத்துக் கிடந்த எனக்கு அவ இதை ஒருநாள் சொன்ன விதம் நினைவிருக்கிறது. "பிறகு அது வளராது. ஆனா இருக்கும். மார்கழி, தை முழுக்கச் சும்மா இருக்கும். மாசியிலை வெளிச்சம் திரும்பினவுடனை பாரும்." நான் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டே நித்திரையாகிவிட்டேன்.

சொன்னபடியேதான் நடந்தது. குளிர்காலம் முழுவதும் வாரத்தில் மூன்று நாள் போய், பாத்தியின்மேல் விரித்த மெல்லிய வெள்ளைத்துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருவா. நடைபாதை மரங்களின் உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளி, வேரடியில் அணைப்பா. உறைந்திருக்கிற இலையைத் தொடக்கூடாது, வெயில் பட்டு இளகும்வரை கைவைக்கக்கூடாது என்பது அவவின் சட்டம். மார்ச் தொடக்கத்தில், சந்தையில் இந்த நாட்டுக் கீரை என்று எதுவுமே இல்லாத நாட்களில், இரண்டு பை நிறையப் பச்சை இலையோடு படியேறி வந்தா. சின்னவெங்காயமும் செத்தல்மிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டு வறை வறுத்தா. அந்த இலைக்கு ஒரு இனிப்பு இருந்தது. பனி பட்டால்தான் அந்த இனிப்பு வரும், குளிரில் உறையாமலிருக்கச் செடி தனக்குள்ளே சீனி சேர்க்கிறது என்று மதாம் சொன்னதாக என் மகள் மொழிபெயர்த்தாள். மச்சாள் அதைக் கேட்டுக்கொண்டே மிச்ச இலைகளைக் கட்டுக் கட்டினா. மாடிக்கொரு கட்டாகக் கட்டிடம் முழுக்கக் கொடுத்தா. கதவைத் தட்டி, கீரையைக் கையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவா. நன்றி கேட்க நிற்கமாட்டா.

இதையெல்லாம் இப்படி எழுதும்போது நான் அந்தக் கீரையை நேசித்தவள்போலத் தெரியலாம். இல்லை. எனக்கு அது ஒரு தொல்லை. ஹோட்டலில் ஒருநாளைக்குப் பதினைந்து அறை துடைத்துவிட்டு வந்தால் வீட்டு வாசலில் மண் அப்பிய சப்பாத்து, குளியல்தொட்டியில் ஊறுகிற கீரை, யன்னல் விளிம்பெல்லாம் தயிர்க்கோப்பையில் நாற்று. முன்னறையில் மச்சாள் படுத்தபிறகு விளக்குப் போட முடியாது, தொலைக்காட்சி பார்க்க முடியாது. மகள் வளர்ந்து தனியறை கேட்டாள். எட்டு வருடத்தில் நானும் கணவரும் ஒருநாள்கூட மனம்விட்டுச் சண்டை பிடித்ததில்லை. சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். மச்சாள் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. இருந்தா, அவ்வளவுதான். ஒருவர் சும்மா இருப்பதே இன்னொருவருக்குப் பாரமாகும் என்பதை நான் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

நான் செடி பிடுங்கிய அந்த வருடத் தை மாதத்தில் மச்சாள் தோட்டத்துக்குப் போகும் வழியில், பாலத்துப் படிக்கட்டில் உறைந்திருந்த தண்ணீரில் சறுக்கி விழுந்தா. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்தார்கள். மயக்கம் தெளிந்து இரண்டாம் நாள் நான் போனபோது முகம் சுண்டி, உதடு காய்ந்து கிடந்தா. நான் குனிந்ததும் முதலில் சொன்னது வலியைப்பற்றி அல்ல.

"தோட்டத்தை ஒருக்காப் பாத்திட்டு வாரும். வெள்ளைத்துணி காத்திலை போகாமல் நாலு மூலையிலும் கல்லை வையும். கீரையிலை கைவைக்காதையும். கறுத்துப்போய்த்தான் கிடக்கும். பயப்பிடாதையும்."

"ஓம் மச்சாள். நான் பாக்கிறன்."

"கறுத்துக் கிடந்தாலும் தொடாதையும், என்ன?"

ஓம் என்றேன். சொல்லிவிட்டு நான்கு வாரம் போகவில்லை. காலையில் ஹோட்டல், பிறகு ஆஸ்பத்திரி, பிறகு வீடு. போக நேரமில்லை என்பது உண்மை. போக மனமில்லை என்பது அதைவிட உண்மை. அந்த நான்கு வாரத்தில் ஒரு பெருங்காற்றும், அதற்குப் பின்னால் வருடக்கணக்காகக் காணாத ஒரு கடுங்குளிரும் வந்துபோயின. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நாளும் மச்சாள் கேட்பா: "என்ன மாதிரி இருக்கு?" நான் "நல்லா இருக்கு மச்சாள்" என்பேன்.

நான் போன அந்த ஞாயிறு காலையில் எனக்கும் கணவருக்கும் சண்டை. மச்சாள் திரும்பி வந்தால் நாலு மாடி எப்படி ஏற்றுவது, யார் குளிப்பாட்டுவது, யார் வேலையை விடுவது. முன்னறை வெறுமையாக இருந்ததால் எட்டு வருடச் சத்தமும் அன்றைக்கு வந்தது. "அவ என்ரை அக்கா, நான் என்ன றோட்டிலையோ விடுறது?" என்று அவர் கத்தினார். "நான் விடச் சொன்னனானோ?" என்று நானும் கத்திவிட்டு, கையுறைகளைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். தோட்டத்துப் படலையில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. மார்ச் மாதக் கூட்டத்தில் கைவிடப்பட்ட பாத்திகள் காத்திருப்போருக்கு மாற்றப்படும் என்று. உள்ளே போனேன். எங்கள் பாத்தியின் வெள்ளைத்துணியைக் காணவில்லை. அது ரயில்பாதைக் கம்பிவேலியில் கிழிந்து தொங்கியது. பாத்தி முழுவதும் கறுப்பு.

நான் கொன்றுவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். கல் வைக்கச் சொன்னா, வைக்கவில்லை. துணி பறந்தது, குளிர் அடித்தது, செத்துப்போயிற்று. மச்சாளுக்கு என்ன சொல்வேன்? நாலு வாரமாக நல்லாயிருக்கு என்று சொன்ன வாயால் எதைச் சொல்வேன்? யாராவது வந்து பார்த்தால் இது கைவிடப்பட்ட பாத்தி என்றுதான் சொல்வார்கள். அந்தக் கறுப்பு என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தாங்க முடியவில்லை. கொஞ்சம் கோபமும் இருந்தது என்று எழுதுவதுதான் நியாயம். காலையில் வீட்டில் கத்தி முடியாத கோபம். பிடுங்கத் தொடங்கினேன். ஒரு மணித்தியாலத்தில் ஒரு செடி மிச்சமில்லை. எல்லாவற்றையும் மூலையிலிருந்த உரப்பெட்டிக்குள் கொண்டுபோய் அமத்தி, மேலே பழைய இலைகளைப் போட்டு மூடினேன். மண்ணைக் கிளறி, வாரி, ஓரத்தை நேராக்கினேன். பார்த்தால் யாரோ ஒழுங்காகக் கவனிக்கிற பாத்தி மாதிரி இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, ஊருக்குப் போயிருந்த மதாம் திரும்பி வந்து எனக்குத் தொலைபேசினா. எங்கள் பாத்தியில் என்ன நடந்தது, யாராவது களவெடுத்துவிட்டார்களா என்று கேட்டா. வேலை முடிந்து நேரே போனேன். வெயில் இளஞ்சூடாக இருந்தது. மதாமின் பாத்தியில், எங்களுடையதைப்போலவே கறுத்து விழுந்து கிடந்த அதே கேல், அதே எப்பினார், நடுக்குருத்திலிருந்து புதுப் பச்சையைத் தள்ளிக்கொண்டு நின்றன. கறுத்த இலைகள் ஓரத்தில் காய்ந்து கழன்றிருந்தன. அவ்வளவுதான். நான் பிடுங்கிவிட்டேன், செத்துப்போயிற்று என்று நினைத்தேன் என்று சொன்னேன். மதாம் என் கையைப் பிடித்துக்கொண்டா. "அவை உயிரோடு இருந்தவை" என்று மெதுவாகச் சொன்னா. பிறகு, நான் கேட்காமலேயே, மச்சாளிடம் தான் சொல்லப்போவதில்லை என்றா. அந்த இரக்கம் என்னை இன்னும் சின்னவளாக்கியது.

மார்ச் கடைசியில் மச்சாளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இரண்டு பேர் கதிரையில் வைத்து நாலு மாடியும் தூக்கினார்கள். நடமாட ஊன்றுகோல். படி இறங்குவது என்ற பேச்சே இல்லை. வந்து படுத்ததும், "கீரை வெட்டுற பருவம்" என்றா. நான் வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னேன். மறுநாள் பெரிய கடையொன்றில் பிளாஸ்ரிக் பையில் அடைத்து விற்கும் கேல் இரண்டு பை வாங்கி, பையைக் கடைவாசலிலேயே எறிந்துவிட்டு, இலைகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு மரத்தடியில் குனிந்து, ஒரு பிடி மண் எடுத்து இலைகளில் தேய்த்தேன். அந்த மண் தேய்த்தது எனக்கு இன்றும் பெரிய வெட்கம். பொய்யை அவ்வளவு கவனமாகச் செய்தேன். நாலு கல் வைக்க எனக்கு நேரமிருக்கவில்லை.

மச்சாள் சொன்னபடியே வறை வறுத்துக் கோப்பையில் கொடுத்தேன். முதல் வாயை மென்றா. இரண்டாவது வாய் எடுக்கவில்லை. கோப்பையை மடியில் வைத்தா.

"இது பனி பட்ட இலை இல்லை" என்றா.

நான் தண்ணீரை எடுத்து நீட்டினேன்.

"எங்கையாலை வாங்கினனீர்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். போகாமல் விட்டதை, துணி பறந்ததை, கறுத்துக் கிடந்ததை, பிடுங்கியதை. செத்துப்போச்சு எண்டு நினைச்சனான் மச்சாள் என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. மச்சாள் அழவில்லை, ஏசவும் இல்லை. என்னை நேராகப் பார்த்தா. அந்தப் பார்வையில் கோபத்தைவிட வேறொரு களைப்பு இருந்தது; இதே கதையை எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ பேர் மேசைக்கு மறுபக்கத்தில் இருந்து சொல்லக் கேட்டவரின் களைப்பு.

"செத்துப்போச்சு எண்டு ஆர் உமக்குச் சொன்னது?" என்றா.

அவ்வளவுதான். கோப்பையை என்னிடம் நீட்டினா. அதன்பிறகு தோட்டத்தைப்பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ஆடி வந்தது, நாற்றுப் போடவேண்டும் என்று சொல்லவில்லை. நான் விதை வாங்கிக்கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்த விதைப் பையை அவ திறந்துகூடப் பார்க்கவில்லை. என்னோடு கோபம் என்று சொல்லமுடியாது. நான் குளிப்பாட்டினால் குளித்தா, கொடுத்தால் சாப்பிட்டா, "உமக்கு வேலைக்கு நேரமாகுது, போம்" என்றா. ஆனால் ஏதோ ஒன்று அவவுக்குள் இருப்பதை விட்டுவிட்டது. மருத்துவர்கள் இருதயம் பலவீனம் என்றார்கள். நுரையீரலில் நீர் என்றார்கள். நவம்பரில், பகல் குறுகத் தொடங்கிய ஒரு கிழமையில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு யன்னல் பக்கம் திரும்பிப் படுத்தவ திரும்பவில்லை. நான் அப்போது ஹோட்டலில் கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன்.

கீரை பிடுங்கியதால் மச்சாள் செத்தா என்று நான் சொல்லவில்லை. மகள் அப்படிச் சொல்லக்கூடாது என்று பிரெஞ்சில் பலமுறை எனக்கு விளங்கப்படுத்தியிருக்கிறாள். எலும்பு முறிந்த எழுபதை நெருங்கிய மனிசி, பலவீனமான இருதயம். அவள் சொல்வது சரிதான். ஆனால் ஒரு மனிசி ஒவ்வொரு வருடமும் குளிர்காலத்தைக் கடப்பதற்கு வைத்திருந்த ஒன்றை நான் என் கையால் இழுத்தெடுத்தேன். அதுவும் சரிதான்.

மச்சாள் போன மறுநாள் காலை நானும் கணவரும் மரண அறிவித்தல் அடிக்க ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு கடைக்குப் போனோம். முன்பக்கம் தொலைபேசி அட்டை விற்பார்கள். பின்பக்கத்தில் கணினியும் அச்சடிக்கும் இயந்திரமும் இருக்கும். லாச்சப்பல் கடைக் கதவுகளில் ஒட்டப்படும் அறிவித்தல்களில் பாதி அங்கேதான் தயாராகும். கணினியின் முன் ஒரு இளம் பெண் இருந்தாள். வசனம் எல்லாம் அவளிடம் ஏற்கெனவே இருந்தது. பெயர்களை மட்டும் மாற்றினாள். மன்னாரைப் பிறப்பிடமாகவும் பிரான்ஸ் பாரிஸை வதிவிடமாகவும் கொண்ட. அன்னார், காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகளும். காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மனைவியும். கணவர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல அவள் தட்டினாள். பாசமிகு தாயாரும் என்ற இடத்தில் மகனின் பெயரைச் சொன்னார். அவள் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணை, மகனுக்கு முன்னாலை காலஞ்சென்ற போடுறதோ, இல்லையோ?"

அச்சு இயந்திரம் வேறு யாருடையதையோ அடித்துக்கொண்டிருந்தது. கணவர் மேசையைப் பார்த்தார்.

"போடுங்கோ" என்றார்.

"போடாதேங்கோ" என்றேன் நான்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஊருக்கெல்லாம் தெரிஞ்ச விசயம். எத்தினை வரியமாச்சு. போடாட்டி ஆக்கள் என்ன கேப்பினம் தெரியுமோ?"

"கேக்கட்டும்."

"அக்கா உயிரோடை இருக்கேக்கை நீ அவவின்ரை சொல்லைக் கேட்டனியோ? இப்பதான் வந்திட்டாய்."

அந்தப் பெண் கணினித் திரையிலேயே கண்ணை வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு முகமெல்லாம் சுட்டது. "கேக்கேல்லை" என்றேன். "அதாலைதான் இப்ப சொல்லுறன். அவ ஒருநாளும் அப்பிடிச் சொல்லேல்லை. அவவின்ரை நோட்டீசிலை நாங்கள் ஆர் அதைப் போட?"

கணவர் மச்சாளின் மகனைப் படத்தில் மட்டுமே கண்டவர். அவன் பிறக்கமுன்பே நாட்டை விட்டு வந்தவர். மருமகனுக்கென்று வாங்கி அனுப்பிய உதைபந்துச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு அவன் நிற்கும் படம் ஒன்று அவருடைய பணப்பையில் இப்போதும் இருக்கிறது. அவர் வெளியே போய்க் கடைவாசலில் நின்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அந்தச் சொல் இல்லாமலேயே அறிவித்தல் அச்சாகி வந்தது.

அன்று பின்னேரமே அது கைபேசிகளில் போகத் தொடங்கியது. கணவர் சொன்னது உண்மையானது. ஜெர்மனியிலிருந்து, கனடாவிலிருந்து, பாரிசுக்குப் பக்கத்துச் சார்செலிலிருந்து, அறிவித்தலின் கீழே போட்டிருந்த எங்கள் இலக்கத்துக்கு அழைப்பு மேல் அழைப்பு. இரங்கல் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்: "மகன் வந்திட்டானோ?" அதில் ஒரு அவசரமான சந்தோசம் இருந்தது. ஒவ்வொருவருக்கும் இல்லை என்று சொல்லி, அந்தச் சந்தோசத்தை ஒவ்வொன்றாக அணைக்கவேண்டியிருந்தது. பத்துப் பேருக்குச் சொன்னபிறகு நான் செய்தது சரியா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கணவர் சோபாவில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னனான்தானே என்று அவர் வாயால் சொல்லவில்லை.

அடக்கத்துக்கு முதல்நாள் வன்னியிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. வயதுபோன பெண்குரல். யாருடையதோ கைபேசியில் கதைக்கிறா போலிருந்தது. பின்னால் கோழிச் சத்தமும் ஒரு மோட்டார்சைக்கிளும் கேட்டன. உன்ரை மச்சாளும் நானும் அண்டைக்குப் பக்கத்திலை பக்கத்திலை நிண்டனாங்கள் என்றா. தன் மகனும் அதே வரிசையில்தான் ஏறினவன் என்றா. பேத்தி கைபேசியில் அறிவித்தலை வாசித்துக் காட்டினாளாம். மூன்று முறை வாசிக்கச் சொன்னாவாம்.

"பிள்ளை, அதிலை அவன்ரை பேருக்கு முன்னாலை ஒண்டும் போடேல்லை. அப்ப அவன் கிடைச்சிட்டானோ? எங்கை இருந்தவனாம்? அவனோடை வேறை ஆரும் இருந்தவையோ?"

ஓம் என்ற சொல் எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று நாலு வாரம் சொல்லிப் பழகிய நாக்கு. கதிரையில் இருந்துவிட்டேன்.

"இல்லை அம்மா" என்றேன். "கிடைக்கேல்லை. எங்களுக்கு ஒண்டும் தெரியாது. அவ கடைசிவரைக்கும் அப்பிடிச் சொல்லேல்லை. அதாலை நாங்களும் போடேல்லை. உங்களை இப்பிடி நினைக்க வைச்சதுக்கு என்னை மன்னியுங்கோ."

பேத்தியிடம் கிடைக்கேல்லையாம் என்று அவ சொல்வது கேட்டது. பிறகு அந்தக் குரல் வந்தது, முன்பைவிட மெதுவாக.

"இல்லை பிள்ளை. நல்ல வேலை செய்தனீங்கள். எனக்கும் வயது போட்டுது. நான் போனாலும் அப்பிடித்தான் அடிக்கவேணுமெண்டு இஞ்சை பேத்தியிட்டைச் சொல்லப்போறன். இந்தா, அவளும் பக்கத்திலைதான் நிக்கிறாள்."

அழைப்பு முடிந்தது. யார் என்று கணவர் கேட்டார். சொன்னேன். அவர் எழும்பி வந்து கைபேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி அடித்தது. நான் கையை நீட்டினேன், அவர் தரவில்லை. யன்னலோரம் போய் நின்று, தன் தமக்கையின் சாவுக்கு வந்த இரங்கலைக் கேட்டுக்கொண்டார். பிறகு மறுபக்கத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவேண்டும்.

"தெரியாது அண்ணை" என்றார். "இன்னும் தெரியாது."